இறுதி மறுப்புக்குப் பின்



வணிகக்குறிக்கு விண்ணப்பித்தவர்க்கு ‘இறுதி மறுப்பு’ என்னும் மடல் வருமாயின், எல்லாம் முடிந்ததெனக் கருதுவதே இயல்பு. நெதர்லாந்து நாட்டு நிறுவனமாகிய புக்கிங்.காம் அவ்வாறு கருதவில்லை.

‘புக்கிங்’ முன்பதிவைக் குறிக்கும் பொதுச்சொல், ‘.காம்’ இணைய முகவரியின் ஈறு. இரண்டும் சேர்ந்தாலும் பொதுப்பெயரே என அமெரிக்கப் பதிவு அலுவலகம் மறுத்தது. இலக்கணம் கற்றோர்க்கு இவ்வழக்கு இனிக்கும். பறவை என்பது பறப்பன அனைத்திற்கும் உரிய காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி என்பதோ ஒன்றற்கே உரிய காரணச் சிறப்புப்பெயர். புக்கிங்.காம் இவற்றுள் எது? வினா அவ்வளவே.

2016இல் மேல்முறையீட்டு வாரியமும் மறுத்தது. எஞ்சிய வழிகள் இரண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்றால் பழைய ஆவணங்களே பேசும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் புதிய சான்றும் காட்டலாம். நிறுவனம் பின்னதைத் தேர்ந்தது. அதன் அறிவுடைமை ஈண்டே விளங்கும். கருத்தாய்வில் 74.8 விழுக்காட்டினர் அதனை ஒரு நிறுவனத்தின் பெயரென்றே கூறினர். அச்சான்று நீதிமன்றம் ஏறியது.

30-6-2020 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. சொல்லின் பொருள் அதனை வழங்கும் நுகர்வோரிடத்தே உள்ளது என்பது நீதியரசர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பின் கருத்து. மாறுபட்ட நீதியரசர் பிரேயர், பிற வணிகர் இடர்ப்படுவரே என அஞ்சினார். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ‘புக்கிங்’ என்னும் சொல்லைப் பிறர் தம் தொழிலுக்கு வழங்குவதைத் தன் பதிவு தடுக்காது என்று அந்நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.