ஒரே ஆண்டு, இரண்டு சரித்திரங்கள்

நடந்தது ஒரே கல்யாணமானாலும் பெண் வீட்டார் சொல்வது ஒருவிதம், மாப்பிள்ளை வீட்டார் சொல்வது வேறுவிதம். தேச சரித்திரத்தையும் மாணவர்கள் அப்படித்தான் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.

வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்டுப் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பாடத்திட்டம் ஒன்றே. ஆயினும் 1916 என்றதும், கத்தோலிக்கப் பிள்ளைகளின் சிந்தையில் டப்ளின் தபால் நிலையத்தைக் கைப்பற்றி பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தெழுந்தவர்களும், புராட்டஸ்டண்டுப் பிள்ளைகளின் சிந்தையில் அதே ஆண்டு முதல் உலகப் போரில் பிரான்ஸ் தேசத்து சோம் போர்க்களத்தில் பிரிட்டனுக்காக மடிந்த, அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரைச் சேர்ந்த வீரர்களும் தோன்றுகிறார்கள். பெல்பாஸ்ட் நகரத்து வீட்டுச் சுவர்களில் இவ்விரு காட்சிகளும் வண்ணச் சித்திரங்களாக நிற்கின்றன. தெரு மாறினால் வீரர்களும் மாறுகிறார்கள். பிள்ளை முதலில் படிப்பது அந்தச் சுவரைத்தான்.

கீத் பார்டன், ஆலன் மெக்கல்லி என்னும் ஆராய்ச்சியாளர்கள் அம்மாணவர்களோடு உரையாடிக் கண்டது இது: வகுப்பு ஏற ஏற, பட்சபாதமின்றிக் கற்பிக்கப்படும் பாடத்திலிருந்தே தத்தம் சமூகத்தின் கதைக்கு அனுசரணையானவற்றைப் பலர் பொறுக்கிக்கொள்கிறார்கள். பாடம் ஒன்று, பொறுக்குவது வேறு. இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமல்ல. தன் தாத்தாவின் துயரத்தை எந்தக் குழந்தை எளிதில் விட்டுக்கொடுக்கும்?

ஆனால் ஆசிரியர் ஒன்று செய்யலாம். சோம் போரில், அதே 1916 செப்டம்பரில், கத்தோலிக்க அயர்லாந்துக்காரர்கள் பெருவாரியாக இருந்த படைப்பிரிவும் பிரிட்டன் பக்கம் நின்று போரிட்டு எத்தனையோ பேரை இழந்தது. இரு தெருக்களின் கதைகளிலும் நெடுங்காலம் இடம் பெறாத அந்த வீரர்களைப் பற்றி, இரு பள்ளிகளிலும் அவசியம் பேச வேண்டும்.