ஒற்றைத் தடமும் ஒரே வேளையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே அமைந்த சிற்றூர் றொசல்ல. 1884ஆம் ஆண்டில் அட்டனை எட்டிய அப்பாதை இங்கே ஒற்றைத் தடமே. எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்றாலன்றி மற்றது செல்லவியலாது. ஆகவே அங்கு நேர ஒழுங்கு இன்றியமையாததாயிற்று.

அட்டன் பெருவீதிக்கோ அத்தகைய ஒழுங்கு இல்லை. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம், அகலப்படுத்த இடமேது? முன்னாளில் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு நடந்தே சென்றனர். அவர்தம் வழிவந்தோருட் பலர் இன்று நகரத்துக் கடைகளிலும் கந்தோர்களிலும் பணிபுரிகின்றனர். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது; அரச அலுவலகம் எட்டரைக்கு. பிந்திய பஸ்ஸில் இடம் கிடையாதென்று அஞ்சி, அலுவலகம் செல்வோரும் மாணவரோடு முந்தியே ஏறுகின்றனர். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகரும் சேர்ந்துகொண்டால் சொல்லவும் வேண்டுமோ!

வேலை நேரத்தைப் பிரித்து நெரிசலைத் தணிக்கும் முறை புதியதன்று. 1918இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியபோது, நியூயோர்க் நகரச் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்ட், நிலக்கீழ்ப் புகையிரதங்களில் கூட்டம் குறையும்பொருட்டுக் கடைகளும் அலுவலகங்களும் வெவ்வேறு நேரங்களில் திறக்குமாறு பணித்தார். இலங்கையிலும் 2018இல் பத்தரமுல்லை அரச அலுவலகங்களில் நெகிழ்வான வேலைநேரம் பரீட்சிக்கப்பட்டது.

மலைநாட்டில் பாடசாலை நேரத்தை மாற்றுதல் தகாது. பிற்பகல் மழைக்கு முன் பிள்ளைகள் வீடு சேரவேண்டும். மாற்றத்தக்கது பெரியோரின் நேரமே. கந்தோர்களும் கடைகளும் அரைமணி பிந்தித் திறப்பின், விடியலிற் கொழுந்தெடுக்கச் சென்ற தாயின் பிள்ளை, மிதிபலகையில் தொங்காது இருக்கையில் அமர்ந்து பாடசாலை செல்லும்.