சுதந்தரம் என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவ நம்பிக்கை, குடும்பம், பொதுவாழ்வு ஆகிய மூன்றையும் இணைத்துப் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு நாள் பேசத்தக்க பொருள். ஆயினும் சொல்லை ஆளும் கவிஞர்களின் அவையாதலால், ஒரே ஒரு சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு இம்மூன்றனுள்ளும் நடந்து பார்க்கலாம் எனக் கருதுகிறேன். அச்சொல் ‘சுதந்தரம்’ என்பது.

இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் 1947 நினைவுக்கு வருகிறது. கொடி நினைவுக்கு வருகிறது. ஆனால் எங்கள் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பெறும் பழைய தமிழ் விவிலியத்தில் இதற்கு வேறொரு பொருள் உண்டு. தந்தை வழியாகப் பிள்ளைக்கு வந்து சேரும் உரிமைச் சொத்தே அங்கே சுதந்தரம். சாந்தகுணமுள்ளோர் எதைப் பெறுவர் என்று இயேசு பெருமான் மலைமீது அமர்ந்து சொன்னாரோ, அவ்விடத்திலும் இச்சொல்லே வினையாகி நிற்கிறது. அவர்கள் பெறுவது பூமி என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். வானுலகை ஏழைக்கும் மண்ணுலகைச் செல்வனுக்குமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அமைதி கொள்வோருக்கு அந்த மலைப்பொழிவு இடந்தரவில்லை. பிற்காலத்தில் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘உரிமைச் சொத்து’ என்று தெளிவாகவே எழுதிவிட்டது. பொருள் விளங்குகிறது, ஆனால் விடுதலையும் நிலமும் ஒரே சொல்லில் குடியிருந்த அந்தப் பழைய வீட்டை நான் இழக்க விரும்பவில்லை.

நாபோத்தின் கதையை நீங்கள் அறிந்திருக்கலாம். அரண்மனைக்கு அருகே அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைக் கீரைத் தோட்டமாக்க ஆகாப் மன்னன் விரும்பினான். இதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் விலை தருவதாகவும் சொன்னான். வணிகக் கண்ணால் பார்த்தால் குறையில்லாத பேரம். நாபோத்து மறுத்தான். அது தன் பிதாக்களின் சுதந்தரம் என்பதே அவன் சொன்ன காரணம். பிறகு நடந்ததென்ன? அரசி யேசபேல் மன்னன் பெயரால் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையையே இட்டு ஊர்ப் பெரியோருக்கு அனுப்பினாள், பொய்ச்சாட்சிகள் நிறுத்தப்பட்டார்கள், நாபோத்து கல்லெறியப்பட்டு மாண்டான். கொலைக்கு முன்னே சென்றது வாளன்று, முத்திரையிட்ட காகிதம்.

இந்தக் கதை நம் செங்கல்பட்டுச் சீமைக்குப் புதியதன்று. விவிலியத் தமிழில் சுதந்தரம் எப்படியோ, வருவாய்த்துறைத் தமிழில் ‘மிராசு’ அப்படி. அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கும் பரம்பரைச் சொத்து என்பதே பொருள். நம் பழைய வழக்கில் அது காணியாட்சி. ஊர்ப் புறம்போக்கிலும் தரிசிலும் மிராசுதாரருக்கே முதலுரிமை. சேரியில் வாழ்ந்த படியாள் ஒருவர் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து எழுதிப் போட்டால், மிராசுதாரர் குறுக்கிட்டு அதைத் தமதாக்கிக் கொள்ளலாம். குடிசை நின்ற மனைக்கட்டும் அவருடையதென்றால், எதிர்த்துப் பேசிய அன்றே குடிசையும் போய்விடும். ஒரு குலத்தின் சுதந்தரம் மற்றொரு குலத்தை மண்ணற்றதாக்கி வைத்திருந்தது.

செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891 இல் இந்த நிலைமையை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அக்காலத்தில் இவ்வூர்களில் நடந்து திரிந்து மனு எழுதியவர்களுள் செங்கல்பட்டில் பணிபுரிந்த ஸ்காத்துலாந்துச் சுயாதீனச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் பணிபுரிந்த வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும் குறிப்பிடத்தக்கவர்கள். ஞானஸ்நானம் பெற்றவனுக்கும் நிற்க ஒரு குழி நிலம் வேண்டும் என்பதை அவர்கள் சேரியில் கற்றார்கள். மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகள் அப்படித் தோன்றியவை. இதே மண்ணில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கித் தம் மக்களின் குரலைத் தாமே ஒலித்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மிஷனரிகளுக்கு மட்டும் மாலை சூட்டினால் வரலாறு பாதியாகிவிடும்.

1892 இல் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதற் பத்தாண்டுகள் அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. லேவியராகமத்தில், நிலம் ஆண்டவருடையது, ஆகவே அதை அறுதியாக விற்கலாகாது என்றும், ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் அவரவர் காணி அவரவர்க்கே திரும்ப வேண்டும் என்றும் ஒரு கட்டளை உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆயினும் காலப்போக்கில் கடனுக்கு ஈடாகவும், பத்திரத்தாலும், பட்டா மாற்றத்தாலும் இந்நிலங்கள் பல, பிறர் கைக்குப் போயின. மீண்டும் முத்திரையிட்ட காகிதந்தான்.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் இந்நிலங்களை மீட்க மக்கள் எழுந்தார்கள், நிலத்தில் அண்ணல் அம்பேத்கரின் சிலையை நாட்டினார்கள், அது அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறையினர் சுட்டதில் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. கவிஞர்களே, அந்த இரு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று திருச்சபை தரும் பெயர். மற்றொன்று திருவேங்கட மலையின் பெயர். மண் கேட்டுச் சென்ற இடத்தில் இரண்டும் ஒன்றாயின. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறித்தவரான ஒடுக்கப்பட்டவரை அட்டவணைச் சாதியினராக ஏற்பதில்லை. துப்பாக்கி பார்க்காத வேறுபாட்டைச் சட்டம் பார்க்கிறது.

அரசைக் கேட்கும் வாயால் நம் சபையையும் கேட்டாக வேண்டும். தமிழகத்தில் சில ஊர்களின் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பகுதி இருந்து வருகிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், எழும்போதும் வரிசை பிரித்து எழ எண்ணினார்கள் போலும்!

வீட்டிற்குள்ளும் நுழைவோம். எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன் வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை. அதனால் அவர் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணி வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்பளிக்கிறார். 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் உயில் இல்லாதவிடத்துக் கிறித்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே தருகிறது. ஆனால் நடப்பது வேறு. சீர் செய்து அனுப்பியாயிற்று என்று சொல்லி, அண்ணன் தம்பிமார் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார்கள். உடன்பிறந்தவள் உறவு முறியக்கூடாதே என்று கையொப்பம் இடுகிறாள். தன் சுதந்தரத்தை அவள் கைவிடும் அந்தத் தாளுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘விடுதலைப் பத்திரம்’! மாலையில் குடும்ப ஜெபத்தின்போது அதே வீட்டில் அந்தக் குமாரத்திகளின் கதை வாசிக்கப்படலாம், எவருக்கும் உறுத்துவதில்லை.

நம்பிக்கை, குடும்பம், பொதுவாழ்வு என்பவை மூன்று அறைகளல்ல என்பதே நான் சொல்ல வந்தது. உடன்பிறந்தவளின் பங்கை மனமொப்பிப் பிரித்துத் தராதவன், ஊரின் நிலத்தைப் பற்றி மேடையில் பேசும்போது அவன் சொல்லுக்கு வலுவிராது. ஊரின் நிலத்தைப் பற்றி வாய் திறவாத சபை, விண்ணகச் சுதந்தரத்தைப் பாடும்போது பாட்டில் ஒரு சொல் பொய்யாகிவிடும்.

கடற்கரைச் சாலையெங்கும் நிலம் சதுர அடிக்கணக்கில் விலை பேசப்படும் காலம் இது. இந்தக் காலத்தில் கவிஞர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. சுதந்தரம், விடுதலை, உரிமை ஆகிய சொற்களை எழுதுமுன், அவை இந்த வட்டாரத்தில் எந்தப் பத்திரத்தில், எவருடைய கைரேகைக்கு மேலே எழுதப்பட்டிருந்தன என்று ஒருமுறை விசாரியுங்கள். அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டம் வெளியிடப்போகும் கவிதைகளில் அந்த விசாரணையின் தடம் இருக்குமாயின், இன்று இங்கே பேசியதன் பயனை அடைந்தவனாவேன்.