ஆசானும் நூலும்

(நமது சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



நம் அன்றாட வாழ்வுக்கு ஊக்கமளிக்கும் ஆசிரியர்களையும் நூல்களையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் தயங்கினேன். கல்வியும் அநுபவமும் நிறைந்த பெரியோர்கள் வீற்றிருக்கும் சபையில், இன்னும் படித்து முடியாத மாணவன் ஒருவன் எதைச் சொல்வது? ஆயினும், புத்தி சொல்வதற்கன்றி, என் குறையொன்றை ஒப்புக்கொள்வதற்காகவாவது இச்சந்தர்ப்பம் உதவட்டும் என்று துணிந்து வந்தேன்.

நான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். எனது பதினாறாவது வயதில் அங்கு நடைபெற்ற பேச்சுப்போட்டியிலே சுவாமி விபுலானந்தரைப் பற்றிப் பேசி முதற்பரிசு பெற்றேன். அடிகளின் யாழ் நூலைப் பற்றி ஐந்து நிமிடம் முழங்கினேன். சபையில் ஒரே கரகோஷம். மறுநாள் எங்கள் தமிழாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கிறிஸ்தவர்; தமிழ் நூல்களை உயிராய் மதிப்பவர்.

“தம்பி, நல்லாய்ப் பேசினீர். யாழ் நூலைத் திறந்து பார்த்திருக்கிறீரோ?” என்று கேட்டார்.

“இல்லை, சேர்” என்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த நாள் தமது சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். வீட்டிலே திறந்து பார்த்தேன். சுரங்களும் கணக்குகளும் நிறைந்த பக்கங்கள். சில பக்கங்களுக்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு கிழமை மேசையில் வைத்திருந்துவிட்டு, “வாசித்து முடித்தேன், சேர்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். “நல்லது” என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் ஐந்து ஆண்டுகள் என்னைத் தொடர்ந்து வந்தது.

பின்பு பல்கலைக்கழகம் புகுந்தேன். விளங்காதவற்றை விளங்கியதாகக் காட்டும் பழக்கமும் என்னுடன் கூடவே வந்தது. விரிவுரையில் ஐயம் எழுந்தால் கேட்க மாட்டேன். தலையை மட்டும் ஆட்டுவேன். பலன், முதலாண்டுப் பரீட்சையில் ஒரு பாடத்திற் சித்தியடையவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அந்த நாட்களிலே நூலகத்தில் தற்செயலாய் என் கைக்கு வந்தது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’.

அதிலே 1880ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று வருகின்றது. ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டு, திருவாவடுதுறை மடத்திலே புகழ்பெற்று, கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்த ஆண்டு அது. அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. அதை மறைக்காமற் சொன்னார். புத்தகம் கிடைத்தாற் படிப்பேன் என்று சற்றே பெருமிதத்தோடும் சொன்னார்.

சிந்தாமணியின் பிரதி கிடைத்தது. ஐயர் படித்தார், விளங்கவில்லை!

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதே கேள்வி, அதே விடை, அதேபோலக் கைக்கு வந்த நூல், அதே மயக்கம். ஆனால் அதற்குப் பின்பு அவர் போன வழி வேறு, நான் போன வழி வேறு. சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்திலே வளர்ந்த ஐயர் கும்பகோணத்திலிருந்த சமணரின் வீடு தேடிச் சென்று, தெரியாதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழாண்டு உழைத்து 1887இற் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892இற் சிலப்பதிகாரத்தை வெளியிட்டார்.

அன்பர்களே, அதே 1892ஆம் ஆண்டிலேதான் கிழக்கிலங்கையிற் காரைதீவிலே விபுலானந்தர் பிறந்தார். அவரும் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர், விஞ்ஞானப் பட்டதாரி. பண்டிதரின் தமிழும் விஞ்ஞானியின் கணக்கும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பல்லாண்டு ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். 1947 யூன் மாதத்தில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். கும்பகோணத்தில் ஒருவர் கேட்ட கேள்வியும், மற்றவர் மறைக்காமற் சொன்ன ‘இல்லை’யும், 67 ஆண்டுகளுக்குப் பின்பு ஈழத்துத் தமிழர் ஒருவரின் நூலுக்கும் வழி திறந்தன என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கின்றது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக என் ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்றிருந்தார். முற்றத்தில் நின்றபடியே உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. நான் பதினோராம் பக்கத்தில் வைத்த கடதாசித் துண்டு நீர் திருப்பித் தரேக்கையும் அங்கேயே இருந்தது. எனக்கும் அந்தக் கணக்கெல்லாம் முழுக்க விளங்கினதில்லை. வாரும், இருந்து வாசிப்பம்” என்றார்.

அன்று தொடங்கிய வாசிப்பு இன்னும் முடியவில்லை. இப்பொழுது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. விடுமுறைதோறும் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். கணக்கு வருமிடத்தில் நான் விளக்குகிறேன்; பாட்டு வருமிடத்தில் அவர் விளக்குகிறார். தவறிய பாடத்திலும் மறுமுறை சித்தியடைந்தேன். கெட்டித்தனத்தாலன்று, விரிவுரையாளரிடம் சென்று “இது எனக்கு விளங்கவில்லை” என்று சொல்லக் கற்றதனால்.

ஊக்கம் என்பது விழாவிலே பிறந்து விழாவோடு மறைவதன்று. பெரியோர் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. அவர் நூலின் ஒரு பக்கத்தை விளங்கிக்கொள்வது அரிது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். ஐயர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933இலும் 1934இலும். அத்தனை ஆண்டுகள் ஆசான் அவருள்ளே வாழ்ந்திருக்கிறார். குருபக்தி என்பது அதுவென்றே எண்ணுகிறேன்.

நான் கைக்கொண்டிருக்கும் சிறு வழக்கமொன்றைக் கூறி அமைகின்றேன். இரவு படுக்குமுன் ஒரு கொப்பியில், அன்று எனக்குத் தெரியாதிருந்த ஒன்றை எழுதிவைப்பேன். மறுநாள் அதை ஒருவரிடம் கேட்பேன், அல்லது ஒரு நூலிற் தேடுவேன். சில நாள் தவறுவதுமுண்டு. ஆயினும் கொப்பி நிரம்பிக்கொண்டு வருகின்றது.

நம் சங்க இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு எந்தப் பெரியாருக்கு விழா எடுத்தாலும், அதற்கு முன்பு நமது வாசிகசாலையில் ஒன்றுகூடி அவர் நூலிற் பத்துப் பக்கமாவது வாசிப்போம். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் பேச்சுக்குக் கை தட்டுங்கள், பின்பு எங்களைத் தனியே அழைத்து, “தம்பி, படித்ததுண்டா?” என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்தமை என் பாக்கியம்.