மண்ணைக் கட்டிக் காக்கும் நுண்ணுயிர்கள்
(உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் செம்மண் நிலங்கள் மிகுதி. ஐப்பசியில் சோளம் விதைத்த மறுநாள் கனமழை பெய்து, பின்பு நான்கு நாள் வெயில் அடித்தால் மேல்மண் பொருக்குத் தட்டிவிடுகிறது. முளை அதைத் துளைக்க இயலாமல் உள்ளேயே மடிகிறது. விதையும் கூலியும் வீணாகின்றன. இதற்குக் காரணம் என்ன?

நல்ல மண் சிறு சிறு குருணைகளாக இருக்கும். இடையில் காற்றும் நீரும் புகத் துளைகள் உண்டு. குருணைக்கு வலுவில்லாவிடில் மழைத்துளி பட்டதும் உடைந்து பொடியாகித் துளைகளை அடைக்கிறது. செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் காயும்போது அப்பொடியை ஓடுபோல் இறுக்கிவிடுகின்றன.

குருணைக்கு வலுவூட்டுபவை நுண்ணுயிர்களே. எருவையும் தழையையும் உண்ணும் பாக்டீரியாக்கள் ஒருவகைப் பசையைச் சுரந்து மண் துகள்களை ஒட்டுகின்றன. பூசணங்களின் மெல்லிய இழைகளும் பயிரின் சல்லிவேர்களும் நூல்போல் அவற்றைச் சுற்றிக் கட்டுகின்றன. ஆனால் இந்தப் பசை நிலையானதன்று. இரை குறைந்தால் நுண்ணுயிர்கள் பசையையே தின்றுவிடும். ஆகவே ஆண்டுதோறும் இரையிட வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உழுத வயலில் ஒரு காய்ந்த மண்கட்டியும், புல் வளர்ந்த வரப்பில் ஒன்றும் எடுத்து, நீருள்ள இரு கண்ணாடி டம்ளர்களில் மெதுவாக இடுங்கள். வயல் கட்டி உடனே கரைந்து, வரப்புக் கட்டி கரையாமல் நின்றால், உங்கள் வயலில் நுண்ணுயிர்களுக்கு இரை போதவில்லை என்று அறியலாம்.

செய்ய வேண்டியவை:

1. கடைசி உழவின்போது ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுங்கள். கிடைக்காவிடில் மட்கிய தென்னை நார்க்கழிவு 5 டன் இடலாம். மட்காத நாரை இட வேண்டாம்.

2. கோடை மழையில் ஈரம் கிடைத்தால் ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

3. பொருக்கு மிகுந்த நிலத்திற்கு, மண்ணைப் பரிசோதித்த பின், ஏக்கருக்கு 800 கிலோ சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் இடுங்கள்.

4. தட்டையையும் சருகையும் எரிக்காதீர்கள். மண் புழுதியாகும் வரை மீண்டும் மீண்டும் உழாதீர்கள். உழவு குருணையையும் பூசண இழையையும் அறுக்கும்.

ஒரே ஆண்டில் மண் மாறிவிடாது. ஆயினும் இவ்வாண்டு இடும் எரு, வரும் ஐப்பசியில் முளைக்கு வழிவிடத் தொடங்கும். மாட்டிற்குத் தீவனம் மறக்காத நாம், மண்ணுக்கும் மறவாதிருப்போம்.