காரில் ஏறினால் அழும் குழந்தை

காரில் குழந்தை இருக்கையைப் பார்த்ததுமே சில பிள்ளைகள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறும். "பாவம், மடியிலேயே வச்சுக்கோ" என்பார் பாட்டி. மனசு கேட்காதுதான். ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தக் கைக்கும் அது கிடையாது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

அழுகைக்குக் காரணம் எப்போதும் பிடிவாதம் இல்லை. வெயிலில் நின்ற காரில் பெல்ட்டின் உலோகப் பூட்டு சுடும். வார் முறுக்கிக்கொண்டு கழுத்தில் உரசும். ஏற்றுமுன் தொட்டுப் பாருங்கள். வண்டி நிற்கும்போது இருக்கைமேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைக்கலாம். சில நாள் அந்த இருக்கையை வீட்டுக் கூடத்தில் வைத்து விளையாட விடுங்கள். பொம்மைக்கு பெல்ட் மாட்டும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். தூங்கும் நேரம் பார்த்துப் புறப்படுவதும் கைகொடுக்கும்.

ஓடும் காரில் மட்டும் வாரை அவிழ்க்காதீர்கள். ஒருமுறை அழுது ஜெயித்த பிள்ளை, அடுத்த முறை இன்னும் உரக்க அழும்! ஓரமாக நிறுத்துங்கள், தூக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். திரும்ப மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.