முழுசாக் குணமானதும் வாங்க
(பங்கு ஜூபிலியையொட்டிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே 1, தொழிலாளரான சூசையப்பர் திருநாள். உழைப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உழைக்க முடியாமல் வீட்டில் கிடப்பவரைப் பற்றிப் பேச நான் சுவாமியிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

பல ஆண்டுகள் ஓர் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவன் நான். மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒருவர், ஒன்றரை மாதம் கழித்து வாசலில் வந்து நின்றார். "அண்ணே, முழுசாக் குணமானதும் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் பிறகு வரவேயில்லை.

நான் செய்தது தவறு என்பது, கனடாவில் கியூபெக் மாகாணத்து ஷெர்புரூக் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் விளங்கிற்று. டாக்டர் பாட்ரிக் லுவாசெலும் அவர் குழுவினரும் 1997-ல் வெளியிட்டது அது. முதுகுவலியால் 4 வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதிருந்த 130 தொழிலாளரை 4 பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். அடுத்ததற்கு விசேட மருத்துவமும் பயிற்சியும். மூன்றாம் பிரிவுக்கு வேலைத்தலத்தையே கவனித்தார்கள். தொழிலாளி, மேஸ்திரி, நிர்வாகம், சங்கம் எல்லாரும் நிபுணரோடு கூடினார்கள். அவர் எதைத் தூக்குகிறார், எப்படிக் குனிகிறார் என்று நேரில் பார்த்து, மாற்ற வேண்டியதைச் சொன்னார்கள். நான்காம் பிரிவுக்கு இரண்டும் உண்டு. இந்த நான்காம் பிரிவினர், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு விரைவாகத் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பலனில் பெரும்பங்கு வேலைத்தலத்தைக் கவனித்ததால் வந்தது!

மூட்டை அடுக்கும் பலகையை நான் இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருக்கலாம். தச்சருக்கு அரைநாள் கூலி ஆகியிருக்கும். அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1981-ல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஊனமுற்றோருக்கு அவர்கள் சக்திக்கேற்ற வேலை கிடைக்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். இ.எஸ்.ஐ. பணம் வீட்டில் அடுப்பெரிய உதவும். பலகையை உயர்த்துவது முதலாளியும் மேஸ்திரியும் செய்ய வேண்டிய காரியம்.

நமது வின்சென்ட் தே பவுல் சபையார் நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் சம்மதித்தால், அவர் வேலை செய்த பட்டறைக்கும் ஒரு நடை போய்வரலாம். லேத் பட்டறை, அச்சகம், அரிசி மில் வைத்திருப்பவர்கள் நம் பங்கிலேயே பலர் உண்டு. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நான் கெபியருகே நிற்பேன். அளவு டேப்பும் கையில் இருக்கும்.